ரத்தம் சொட்டாத முதுகுப் பை

என் செல்ல மகள் ஜிபாருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் அப்பா, இரண்டு பசு, நொண்டிக் குதிரை எல்லோரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அந்தத் தூர தேசத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ரொட்டியைப் பிட்டதும் முதலில் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை தாலாயின் சுகத்தை இந்தத் தடவை விசாரிக்கவில்லை, மறந்துபோய் இல்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன். அப்பாவின் வேட்டைக் கூட்டாளி ரிஸ்பெக் மாமாவுக்கும் அப்பாவுக்கு அனுப்பியது போல ஒரு வேட்டைப் பை அனுப்பட்டுமா, நீ வேலை பார்க்கிற கடையில் எப்படிப்பட்டதாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அடியே, அந்த முதல் பை செய்த வேலையைக் கேட்டுவிட்டு அடுத்த பையைத் தொடு. உன் அப்பா இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடப்பாரா மாட்டாரா என்பதே போன வாரம் முழுக்க அந்தப் பையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பை வந்து சேர்ந்த அன்று வீட்டில் திருவிழாதான். எத்தனை வார், எத்தனை கொக்கி, எந்த வாரை இழுத்தால் எது இறுகும் என்று கண்டுபிடிக்கவே மனுஷருக்கு ஒரு வாரம் போயிற்று, அதற்குள் கல்லையும் உருளைக்கிழங்கையும் போட்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து என் கோழிகளைப் பைத்தியமாக்கிவிட்டார். இடுப்பு வார் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், அப்போதுதான் பாரம் தோளை விட்டுக் காலுக்கு இறங்கும் என்று நீ போனில் படித்துப் படித்துச் சொன்னாய், சரிதான், ஆனால் உன் அப்பாவின் இடுப்பெலும்பு தொப்பைக்குள் போய் ஒளிந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியாதா? தேடிப் பிடித்துக் கட்டிவிட்டது நான். அப்புறம் ரிஸ்பெக் வந்து பார்த்துவிட்டு, இந்த நீலப் பையைப் பார்த்தால் மலையாடு கல்யாண ஊர்வலம் வருகிறது என்று நினைத்துக்கொள்ளும் என்று சிரித்தார். உடனே உன் அப்பா அடுப்புச் சாம்பலையும் சேற்றையும் குழைத்துப் பூசி உன் பரிசை எருமை புரண்ட துணி மாதிரி ஆக்கினார். துணி வேறு உரசினால் கரகரவென்று சத்தம் போடுகிறது. உங்கள் ஜெர்மன் ஆடுகளுக்குக் காது கிடையாதோ என்னவோ.

குதிரைக்குக் கால் சரியில்லாததால் இந்த வருஷம் இரண்டு பேரும் நடந்தே மலை ஏறினார்கள். உன் அப்பாவின் முதுகுவலிக்கு இது தேவையா என்று நான் கத்தியது காற்றோடு போயிற்று. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், ஒரு கொழுத்த கிடா கிடைத்து, பாதி பாதியாகப் பங்கிட்டு, உன் அப்பா தன் பங்கைப் பைக்கும் அதன் முதுகுச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு மறைவான அறையில் துணி சுற்றி வைத்துக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார், முதுகில் ஒன்றுமே இல்லாதது போல இருந்ததாம், சீட்டி அடித்துக்கொண்டு வந்தாராம். ரிஸ்பெக் வீடு மேட்டிலேயே வந்துவிடுகிறது, அவர் அங்கேயே பிரிந்து போய்விட்டார். தனியாகப் பாலத்துக்கு வந்தால் எதிரே குடத்தோடு குமுஷ். ஆமாம், நம் பக்கத்து வீட்டு குமுஷேதான், ஊரில் யார் வீட்டுப் பூனை கர்ப்பம் என்பது வரைக்கும் தெரிந்த அதே குமுஷ்.

நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கிறதா, இல்லை அந்தச் சீமைக்காரர்களோடு சேர்ந்து மறந்துவிட்டாயா? வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் கண்டு யார் ‘ஷிரல்கா’ என்று சொன்னாலும் அவன் நின்று, சுமையை இறக்கி, இறைச்சியில் ஒரு பங்கு வெட்டிக் கொடுத்தே தீர வேண்டும். உன் அப்பாவின் பழைய பட்டாளத்துக் கித்தான் பை இருந்தவரை கேட்கவே வேண்டாம், பின்னால் ரத்தம் சொட்டிக்கொண்டு வரும், முதுகு வில்லாக வளைந்திருக்கும், ஊரே வரிசையில் நிற்கும், போன வருஷம் என் சட்டிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு கழுத்தெலும்பு. இந்தப் பையிலோ ஒரு சொட்டு வெளியே வரவில்லை, மனுஷரும் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடக்கிறார். குமுஷ் மேலும் கீழும் பார்த்திருக்கிறாள். வெறுங்கையோடு வருகிறவனிடம் ஷிரல்கா கேட்டு நோகடிக்கக் கூடாது என்று, பாவம், அவளுக்கும் ஒரு நல்ல மனசு அன்றைக்கென்று பார்த்து வந்து, “பரவால்லண்ணே, மலை எங்கயும் ஓடிடாது, இன்னொரு நாள் கெடைக்கும்” என்று சொல்லியிருக்கிறாள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? “ம்” என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்! ஒரு தடவையாவது முழுத் தொடையை உன் முன்னால் கொண்டுவந்து வைக்கணும்னு ஆசையாப் போச்சுடீ என்று என்னிடம் சொல்கிறார். எனக்குச் சிரிப்பதா, அடிப்பதா என்று தெரியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். சாயங்காலம் நான் கொழுப்பில் இறைச்சியை வதக்கினேன், மணம் சுவர் ஏறிக் குதித்து நேராகக் குமுஷின் மூக்குக்குப் போயிற்று. மறுநாள் பொழுது விடிவதற்குள் கடலே இல்லாத நம் ஊரில் உன் அப்பாவின் மானம் கப்பல் ஏறிவிட்டது. பங்கை ஒளித்தவனுக்கு மலை மறுபடி கொடுக்காது, நான் இனி இவனோடு துப்பாக்கியைத் தூக்க மாட்டேன் என்று ரிஸ்பெக்கே சொல்லிவிட்டார். டீக்கடையில் இவர் போய் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்து போகிறான். இவரும் ஒரு நல்ல துண்டை எடுத்துக்கொண்டு குமுஷ் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அவள் வாங்கவில்லை. “வழியில குடுத்தா பங்கு, வாசல்ல குடுத்தா பிச்சை. நான் பிச்சைக்காரி இல்லண்ணே” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அவள் வாயைப் பற்றி ஆயிரம் சொல்வேன், ஆனால் அன்றைக்கு அவள் பேசியதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மனுஷர் திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார், தேநீரைக்கூடத் தொடவில்லை. அவர் பசியோடு உட்கார்ந்து இந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

அப்புறம் ஒரு காலையில் எழுந்தார், மிச்சமிருந்த தொடை, விலா, கழுத்து எல்லாவற்றையும் உப்புத் தொட்டியிலிருந்து எடுத்து மறுபடி பையில் கட்டினார். எங்கே என்றேன், மலைக்கு என்றார். பாலத்தைத் தாண்டி மேட்டுக்கு ஏறி, அங்கிருந்து வேட்டையிலிருந்து வருகிறவரைப் போலவே இறங்கி வந்தார். குமுஷ் தண்ணீர் மொள்ளுகிறாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். அதற்குள் சேதி பரவி ஊரே பாலத்துக்கு வந்துவிட்டது, நானும்தான், கிழவனுக்குப் புத்தி கலங்கிப்போச்சு என்று ஒருத்தன், இல்லை பையைப் பழக்குகிறான் என்று இன்னொருத்தன். மறுபடி ஏறியபோது கையை முதுகில் வைத்துக்கொண்டுதான் ஏறினார், நான் போதும் வாருங்கள் என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அந்தத் தடவை இறங்கி வரும்போது குமுஷ் குடத்தைக் கீழே வைத்தாள். “ஷிரல்கா, அண்ணே. இன்னிக்குப் பை கனம்போல.” நான் தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அதை நீ யாரிடமும் சொல்லாதே.

உன் அப்பா பையை இறக்கினார், ஆனால் அந்த அறை திறந்தால்தானே? வார் வாரோடு சிக்கி, கொக்கி கொக்கியோடு மாட்டி, குமுஷும் ரிஸ்பெக்கும் சேர்ந்து பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. இத்தனை பூட்டுப் போட்டது திருடனுக்குப் பயந்தா, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பயந்தா என்று அவள் கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் சிரித்தார். விலாவில் நல்லதாகப் பார்த்து அவளுக்கு வெட்டிக் கொடுத்தார். அப்புறம் என்ன, ஆளாளுக்கு ஷிரல்கா, ஷிரல்கா. என் சட்டிக்கு வந்தது மறுபடி அதே கழுத்தெலும்பு. அதை அன்றைக்கு அவர் சப்பிச் சப்பிச் சாப்பிட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாள் முதல் வேலையாகக் கத்தியை எடுத்து உன் பரிசின் அடியில் ஒரு ஓட்டை போட்டார், ரத்தம் சொட்டட்டுமாம். கோபித்துக்கொள்ளாதே.

ஆகையால் ரிஸ்பெக்குக்கு எடுக்கிற பை சின்னதாகவே இருக்கட்டும், பெரிய பை கண்டால் ஆசையும் பெரிதாகும். நீலம் வேண்டாம், மண் நிறம் பார், உரசினால் சத்தம் வராத துணியாகப் பார், இடுப்பு வார் தடிமனாக, தொப்பைக்கும் சேர்த்து நீளமாக இருக்க வேண்டும். மறைவான அறை மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டையை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இப்போது உன் சேதி. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் காட்டி, ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்கிறாய். உன் பின்னால் இருந்த பச்சைச் சுவர் போய் வெள்ளைச் சுவர் வந்துவிட்டது, வீடு மாறியதை நீ சொல்லவே இல்லை. தாலாய் எங்கே என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்கிறாய், எல்லா ஞாயிற்றுக்கிழமையுமா? நிமிர்ந்துதான் நடக்கிறாய் மகளே, ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. நீ அந்த மனுஷரின் மகள்தானே. நான் திட்ட மாட்டேன், அப்பாவிடம் எப்போது சொல்ல வேண்டுமோ அப்போது நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் முன்னால் நல்லவர்களே நடக்கட்டும், ஆமென். குளிர் வந்துவிட்டது, நான் பின்னிக் கொடுத்த காலுறையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது நான் பாலத்தில் நிற்பதாக நினைத்துக்கொள். ஷிரல்கா, என் கண்ணே. நல்ல துண்டெல்லாம் வேண்டாம், கழுத்தெலும்பைக் கொடு, போதும்.

இப்படிக்கு,
உன் சுமையில் பங்குள்ள அம்மா
ஜூரா