தண்ணீரில் நிற்காத ஐந்து கூடுகள்

தெற்கு முகாம், என்செலடஸ் நிலவு. எழுதுவது: சூசை மரியான், இயந்திரப் பராமரிப்பு.

நாள் 212, 09:10
காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. கப்பலில் வந்த தோட்டாக் கூடுகள் மட்டும் அளவு தப்பு. பனிப்பிளவின் அக்கரைக்குக் கயிறு சுடும் துப்பாக்கி நானே குடைந்தது. அதற்கேற்ற கூடு எந்தக் கடையிலும் கிடையாது. பெரிய கூட்டின் கழுத்தைக் காய்ச்சி, அச்சில் அழுத்திச் சிறுக்க வைத்து, லேசான வெடிமருந்தில் ஒருமுறை சுட்டால் துப்பாக்கிக்குத் தகுந்தபடி உப்பிக்கொள்ளும். கழுத்து சூடேறும்போது கூட்டின் அடி தண்ணீரில் நிற்க வேண்டும். அடி இளகினால் முழு மருந்துக்குத் தாங்காது, சுடுபவர் முகத்திலேயே வெடிக்கும். பன்னிரண்டு தேவை.

நாள் 212, 15:40
ஏழு முடிந்தது. கூடுகள் நின்ற தட்டில் தண்ணீர் வற்றிவிட்டது. என் பங்கில் மிச்சமிருந்த ஒரு குவளையை டீ போட்டுக் குடித்துவிட்டேன். பனியை உருக்கித் தரும் அடுத்த பங்கு நாளைக்குத்தான். பாக்கி ஐந்தையும் இடுக்கியில் பிடித்தே காய்ச்சினேன். லேசான மருந்துக்கு எல்லாம் தாங்கின. பன்னிரண்டும் ஒரே பெட்டியில். பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

நாள் 219, 11:05
ஜமீலா, எங்கள் பனி ஆய்வாளர், பிளவுக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டாள். பனிப்பாலம் உடைந்துவிட்டது. காற்று ஒரு மணி நேரத்துக்கு. துப்பாக்கியும் பெட்டியும் அவளிடம். வானொலியில் கேட்டாள்:
“அண்ணே, தண்ணியில நிக்க வச்சுத்தானே காய்ச்சுனீங்க?”
“ஆமாம்மா. தைரியமா சுடு.”
வேறு வழியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் கயிறு எட்டவில்லை. இரண்டாவது என் காலடியில் விழுந்தது.

நாள் 219, 14:30
வந்து சேர்ந்தாள். என் பங்குத் தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தேன். “உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்ணே” என்றாள். துப்பாக்கியையும் மிச்சப் பத்துத் தோட்டாக்களையும் வடக்கு முகாமுக்கு எடுத்துப் போகிறாளாம். தலையாட்டினேன். எதிரேதான் உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். புகழ்ச்சி கேட்க நன்றாக இருந்தது. வெட்கக்கேடு.

நாள் 223, 08:20
பனி ஊற்று வெடித்து ஆன்டெனா முறிந்தது. கேட்க முடிகிறது, பேச முடியவில்லை. ஊர்தி ஜமீலாவிடம். வடக்கு முகாம் நாற்பது கிலோமீட்டர்.

10:15
“அண்ணே, ஜமீலா பேசுறேன். இங்க அஞ்சு சுட்டாங்க. அஞ்சும் அருமை.”
அங்கே ஐந்து, அன்று அவள் சுட்டது இரண்டு. எதுவும் வெடிக்கவில்லை என்றால் நல்லது ஏழும் தீர்ந்தது. பெட்டியில் இருப்பது என் ஐந்துதான்.

10:22
மைக்கில் கத்திப் பார்த்தேன். கம்பியைப் பிரித்து முறுக்கினேன். விளக்குகூட எரியவில்லை.

10:31
“அடுத்தது நான் சுடுறேண்ணே. உங்க தோட்டா எனக்கு ராசி.”
இதைக் கண்டெடுப்பவருக்கு: கூட்டின் பித்தளையில் குறையில்லை. துப்பாக்கியில் குறையில்லை. அவள் கேட்டாள், நான் பொய் சொன்னேன். பிறகு உண்மையைச் சொல்ல நான்கு நாள் இருந்தது

10:33
அங்கே வெடித்த சத்தம். யாரோ அலறுகிறார்கள். அவள் குரல் மட்டும் கேட்கவில்லை. ஜமீலா, அன்றைக்கு அந்த ஒரு குவளையை நான் குடிக்காமல்