லேபிள் உரிச்ச புத்தகம்

டேய் பெரியவனே,

இதை எழுத்துக் கூட்டி மெதுவாப் படி, அவசரமில்ல. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடு.

நேத்து முயல் புத்தகத்தை நீ விட்டெறிஞ்சதுக்குக் கத்திட்டேன். தப்பு என்மேலதான். பதினாலு வயசுப் பையன்கிட்ட 'வயது ஆறு'னு லேபிள் ஒட்டின புத்தகத்தை நீட்டலாமா? நூலகத்துல இருபது வருஷம் குப்பை கொட்டி என்ன பிரயோஜனம்!

மேசைமேல பைக் ரேஸ் கதை இருக்கு. சின்னச் சின்ன வரிதான், ஆனா பெரிய பசங்க கதை. அதுலயும் ஒட்டியிருந்த வயசு லேபிளை உரிச்சுட்டேன். நூலகத்துல இந்த மாதிரி புத்தகம் இருக்கிற அலமாரி முழுக்க உரிக்கத்தான் இன்னைக்குச் சீக்கிரமே கிளம்பறேன்.

அப்பா

பி.கு.: நாலு வயசுல என் மடியில உட்கார்ந்து, தலைகீழாப் பிடிச்சு நீ 'வாசிச்ச' அதே முயல்டா அது. அந்த ஆசையில உன் வயசை மறந்துட்டேன். சாயங்காலம் ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு. இப்ப மடி தாங்காது, பக்கத்துல உட்காரு.