அப்பாவின் காதில் விழாத அரை மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சௌக்கியம்தானே, நாங்களும் சௌக்கியம் என்று எழுதிவிட்டேன், ஆனால் ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொல்ல வழியில்லை, பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது பக்கம்தான் விழுந்ததே தவிர காது முன்பைவிடக் கூர்மை, சமையலறையில் நான் பெருமூச்சு விட்டால் கூடத்திலிருந்து என்னாச்சு என்கிறார்.

ஆஸ்பத்திரியில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். நம்மையும் ஒருத்தி விசாரிக்கப் போகிறாளே என்று ஆசையாகப் போனேன். அவளோ, "எங்ககிட்ட என்ன எதிர்பாக்கறீங்கன்னு முதல்ல அளந்து பாக்கணும்மா, ஒண்ணுன்னா தேவையில்ல, அஞ்சுன்னா ரொம்பத் தேவை, நம்பர் மட்டும் சொல்லுங்க" என்றாள். அப்பாவை எங்கே விடுவது, சக்கர நாற்காலியில் என் முழங்கையை ஒட்டித்தான் இருந்தார். அவரைத் தூக்கி உட்காரவைக்கச் சொல்லித்தர வேண்டுமா என்றாள். குளியலறையில் இரண்டு பேரும் சேர்ந்து விழப் பார்த்ததில் என் இடுப்பு இன்னும் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஒன்று என்றேன். அவர் கோபத்தைச் சமாளிப்பது பற்றிப் பேச வேண்டுமா என்றாள். அப்பா என் வாயையே பார்த்தார். ஒன்று. உங்கள் களைப்பை யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருக்கிறதா என்றாள். இருந்ததடா, தொண்டை வரைக்கும் இருந்தது. அதற்கும் ஒன்றுதான். கூட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் தைரியசாலி, உங்களுக்கு நாங்கள் தேவையே இல்லை என்று சிரித்தாள். நானும் அசடு மாதிரி சிரித்துவைத்தேன். திரும்பும்போது டாக்சியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சொன்னே, அப்ப நான் உனக்கு பாரமா இல்லதானே" என்றார். அன்றைக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனி எந்த வாயால் அவர் முன்னால் மாற்றிச் சொல்வேன்?

தெருமுனைக் கடைக்கு ஓடின ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணுக்கு போன் செய்து இன்னொரு தடவை கேளம்மா என்றேன். அடுத்த மாதத்தின் முதல் வியாழன் காலை பத்து மணிக்கு அவளே கூப்பிடுகிறாளாம், அரை மணி நேரம் தனியாக இருக்க வேண்டுமாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்னைக் காணாவிட்டால் அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவார். அதனால் சரியாக அதே நேரத்தில் நீ அவரைக் கூப்பிட்டுப் பிடித்துவைத்துக்கொள். உன் மேலதிகாரியைத் திட்டு, புத்திமதி கேள், அப்புறம் விடவே மாட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஐந்து ஐந்தாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். வியாழன், இங்கத்து நேரம் பத்து, மறந்துவிடாதே. "நான் உங்கம்மாவுக்குப் பாரமா" என்று அப்பா உன்னிடமும் கேட்பார். இல்லை என்று சொல். அதுவும் பொய்யில்லை தம்பி.

உன் அம்மா