முன் இடது சக்கரத்துச் சத்தம்

அக்கா,

நேற்று என் தம்பியின் பழைய காரைக் காட்டுவதற்காகக் காக்களூர் சாலையில் இருக்கும் ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்தேன். மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றினார். கிழிந்துபோன ரப்பர் உறைக்குள்ளிருந்து, துருவும் மண்ணும் கலந்த பழைய கிரீஸ் வாடை வந்தது. "தள்ளி நில்லும்மா, துணில பட்டா போவாது" என்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உங்களிடம் பேசாமல் எப்படி இருந்தேன் என்று அந்த இடத்தில்தான் தோன்றியது.

நாம் வேலைக்குப் போய்வந்த கார், உங்கள் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. முதுகெலும்பு தேய்ந்து அவர் உட்கார முடியாமல் ஆனபோது, சாவி உங்கள் கைக்கு வந்தது. மணவாள நகரில் ஒரு பெண் அந்த டீசல் வண்டியைப் பின்பக்கமாகச் சந்துக்குள்ளிருந்து எடுப்பதைப் பார்க்கக் கொஞ்ச நாள் ஆட்கள் நின்றார்கள். பிறகு பழகிவிட்டார்கள். நாம் இருவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் இருந்தோம். நான் நிரந்தரம். நீங்கள் கான்ட்ராக்ட். வேலை ஒன்றுதான், ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து வார்ப்புப் பாகங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் மாறி மாறிப் போனால் காலை ஷிப்டுக்குக் கேட் மூடிவிடும் என்பதால், டீசலுக்கு நான் பாதி கொடுத்து உங்களோடு வந்துகொண்டிருந்தேன். சாவியைத் திருகும் முன் ஸ்டியரிங்கின் மேல் கைவைத்து ஒரு நொடி கண்ணை மூடி ஜெபிப்பீர்கள். நானும் பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

அந்தச் சத்தம் மழைக்காலத்துக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நேரான சாலையில் வேகமாகப் போனால் இருக்காது. பெரியபாளையம் தாண்டி, சாலை பெயர்ந்து கிடக்கும் இடங்களில் வேகத்தைக் குறைத்துத் திருப்பும்போது மட்டும், என் காலுக்குக் கீழே 'டொக்' என்று ஒரு அடி விழும். உங்கள் பக்கம் அவ்வளவாகக் கேட்காது. அதனால் என்னையே கேட்டுக்கொண்டு வருவீர்கள். "பிரேக்க புடிக்கும்போதா, உடும்போதா?" "பள்ளத்துல எறங்கும்போதா, ஏறும்போதா?" நான் ஜன்னலை இறக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டுச் சொல்வேன். சில நாள் வழி முழுக்க நமக்குள் வேறு பேச்சே இருக்காது.

நீங்கள் காட்டிய மெக்கானிக், பானெட்டை இரண்டு கையாலும் அழுத்திவிட்டுப் பார்த்தார். வண்டி உடனே நிற்காமல் மேலும் கீழும் ஆடியது. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். ஆட்டம் நின்றது, சத்தம் நிற்கவில்லை. அடுத்த தடவை ஒரு சின்ன இணைப்புக் கம்பியை மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாவது முறை போனபோது அவருக்கே அலுத்துவிட்டது.

"வண்டிக்கு வயசாயிடுச்சும்மா. சத்தத்த தேடிக்கினே இருந்தா பேஜாருதான். பாட்டு போட்டுக்கினு போ, கேக்காது."

திரும்பி வரும்போது நீங்கள் சொன்னது இது: "எனக்குக் கேக்கக்கூடாதுன்னா நான் போனேன்? ஏன் வருதுன்னு தெரியணும்மா."

வண்டி இடது பக்கம் லேசாக இழுக்க ஆரம்பித்தது. ஒரு நாள் சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னீர்கள். வெளிப்பக்கம் நன்றாக இருந்த டயர், உள்விளிம்பில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. படுக்கையில் இருந்தபடியே உங்கள் வீட்டுக்காரர் விவரம் கேட்டார். "சக்கரம் நேரா நிக்கல, அதான் தின்னுது. ஜாக்கி வெச்சித் தூக்கி, அடில நெம்பிப் பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஆனால் அந்தப் புதன்கிழமை காலை, சந்திலிருந்து வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போதே 'டொக்' என்றது. அதுவரை நல்ல தரையில் கேட்டதே இல்லை. நீங்கள் இன்ஜினை நிறுத்தினீர்கள். ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பின்னால் போய் ஜாக்கியை எடுத்து வந்தீர்கள்.

சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் டயருக்கு அடியில் கம்பியைக் கொடுத்து நான் நெம்பினேன். நீங்கள் சாக்கை விரித்துப் படுத்து, சக்கரத்தையும் அதைத் தாங்கும் கீழ்க்கையையும் சேர்க்கும் அந்த உருண்டை மூட்டின் மேல் விரலை வைத்தீர்கள். பால் ஜாயின்ட் என்பார்களே, அதுதான்.

"இன்னொரு வாட்டி நெம்பு."

நெம்பினேன்.

"அடிக்குதும்மா. வெரலுக்குத் தெரியுது. குண்டு உள்ளயே நிக்கல, ஆடுது."

எனக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இடம் மாறிக்கொண்டோம். நீங்கள் நெம்ப, என் விரலுக்கு அடியில் அந்த இரும்பு எழுந்து விழுந்தது.

"மெதுவா ஓட்டிக்கினு போய்ட்டு, சாயங்காலம் பாத்துக்கலாமாக்கா?" என்று கேட்டேன். கான்ட்ராக்டில் இருக்கும் உங்களுக்கு லீவு என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

"மெதுவா போனா கழலாதா இன்னா? பின்னாடி லாரி வந்துக்கினே இருக்கும். நீ புள்ளக்காரி. நான் எடுக்கமாட்டேன்."

நான் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "சரிம்மா, நாளைக்கு வா" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீங்கள் கான்ட்ராக்டரை அழைத்தீர்கள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்த பிறகு எடுத்தவர், முழுவதும் கேட்காமலே "சரி சரி" என்று வைத்துவிட்டார்.

ஒர்க் ஷாப்பிலிருந்து ஆள் வந்து அங்கேயே மூட்டைக் கழற்றினார். கொஞ்சம் அசைத்ததும் குண்டு தனியாக அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. பாட்டு போட்டுக்கொண்டு போகச் சொன்ன அதே மனிதர்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து இதுலயாம்மா கும்மிடிப்பூண்டி வரைக்கும் போனீங்க?" என்று கேட்டார்.

மறுநாள் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. கேட்டில் செக்யூரிட்டி உங்களை மட்டும் நிறுத்தினார். "உன் பேரு இல்லியேம்மா. கான்ட்ராக்டர்தான் வெட்டிட்டாரு." நான் உள்ளே ஓடி ஆபீசில் சொன்னேன். அது கான்ட்ராக்டர் விஷயம் என்றார்கள். வெளியே வந்து பார்த்தபோது நீங்கள் காரைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். "சாயங்காலம் எப்பிடிம்மா வருவ?" என்று அப்போதும் என்னைத்தான் கேட்டீர்கள்.

பிறகு காக்களூரில் ஒரு பிளாஸ்டிக் யூனிட்டில் சேர்ந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். டீ ஊற்றும்போது தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றீர்கள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"இன்னாக்கா?"

"வாயுதான். நடந்தா மாருல வந்து குத்துது. அப்பறம் போய்டுது."

"ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போலாங்க்கா. நான் வரேன்."

"புது எடம்மா. சேந்தவொடனே லீவு கேட்டா இன்னா நெனைப்பாங்க? இங்கயும் பேர வெட்டிட்டா அந்த மனுசனுக்கு மருந்துக்கு எங்க போவேன்? அடுத்த மாசம் பாப்போம்."

அடுத்த மாதம் வரவில்லை. மெஷினுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டீர்கள் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உயிர் இல்லையாம்.

உங்களை எடுக்கும் முன், சுவரைப் பிடித்து உட்கார்ந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். "காருக்குன்னு ஒரு நாள் லீவு போட்டா. அவளுக்குன்னு போடலியேம்மா" என்றார். அந்தக் காரில் நானும் இருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். குற்றமாக அவர் சொல்லவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அந்தச் சொல் என்னை விட்டு இறங்கவில்லை. நான் தினமும் வேலைக்குப் போய்ப் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறேன், நீங்கள் கேட்டிலிருந்தே திரும்பிவிட்டீர்கள்.

இப்போது உங்கள் இடத்தில் பொதட்டூர்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்காருகிறாள். கான்ட்ராக்ட்தான். போன வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "ஒண்ணும் இல்லக்கா" என்றாள். உதடு வெளுத்திருந்தது. நான் அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஆட்டோவில் வழி முழுக்க அழுதாள். வலிக்காக இல்லை, பேரை வெட்டிவிடுவார்கள் என்று. குடல்புண்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

அன்று மாலையே கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு இன்னாத்துக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டார். மிரட்டும் குரல் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "அவ பேரு இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இதுவரை அவள் பேர் இருக்கிறது, அக்கா. ஆனால் ஒவ்வொரு காலையும் நான் கேட்டைத் தாண்டியதும் உள்ளே போகாமல் ஓரமாக நிற்கிறேன். செக்யூரிட்டி தலையசைத்து அவளை உள்ளே விட்ட பிறகுதான் நம் மேஜைக்குப் போகிறேன்.