சட்டைக்குள் செய்தித்தாள்

அன்பான பழைய கூட்டாளிக்கு,

எனக்கு எழுதத் தெரியாது என்பது நீ அறிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல என் மனைவி இர்மா எழுதுகிறாள். கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மறுபடியும் கவியா கணவாய்க்கு சைக்கிளில் ஏறி வரப்போகிறாயாமே. இந்த வயதில் உனக்கு முட்டி வலிக்கவில்லையா? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து இவள் பழைய செய்தித்தாள்களை அடுப்பில் போடுவதில்லை. நீவி நீவி அலமாரியில் அடுக்குகிறாள்.

நாம் சைக்கிள் பந்தயம் ஓட்டிய காலத்தில் கணவாய் உச்சியில் விடுதி நடத்தியவள் இவள். இறக்கத்தில் குளிர்காற்று நெஞ்சில் அறையாமலிருக்க, இவளிடம்தான் எல்லோரும் தாள் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொள்வோம். எனக்குக் கையில் கொடுத்தாள். உனக்கு மட்டும் தன் கையாலேயே சட்டைக்குள் செருகிவிட்டாள். ஜூன் மாதம், சாலையின் இரண்டு பக்கமும் பனி சுவராக நின்றது. எனக்கு எதுவும் மறக்கவில்லை.

"இதையும் எழுதணுமா?" என்கிறாள்.

"எழுது."

"அவர் விரல் விறைச்சுப் போயிருந்துதய்யா, பிரேக்கைக்கூடப் பிடிக்க முடியல. நீ குத்துக்கல்லாட்டம் நின்னே. கடைசியில உன்னைத்தானே கட்டிக்கிட்டேன்?"

கட்டிக்கொண்டாள், சரி. நான் சொல்ல வந்தது அது இல்லை.

வா. வயிறு நிறைய பொலெந்தா, நம் சோளமாவுக் களி, உண்டு. ஆனால் வண்டி பிடித்தாவது உச்சிக்கு வந்து நான்தான் நிற்பேன். உன் சட்டைக்குள் தாளை நான்தான் செருகுவேன். என் கை சில்லென்றிருக்கும், பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
எல்லா மலையிலும் உனக்குப் பின்னால் ஏறி வந்தவன்