மூன்றாம் மிதவை

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: "ஆமாம், பட்டது."

இரண்டே சொல். கிளப் கேப்டன் கிருஷ்ணஸ்வாமி சார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார். "கோதா, படகுல முன்னாடி இருந்தது நீதான். மிதவை பட்டுதா, படலையா?" நான் சொன்னது: "எனக்குத் தெரியல சார்."

தெரியும். இடது தோள்பட்டைக்குக் கீழே இப்போதுகூட எரிகிறது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்குச் சிவந்து கிடக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்ளத் தோன்றலாம்.

ஆறு பந்தயங்களில் இன்று கடைசி. ஐந்து முடிந்தபோது எங்கள் படகும் தமிழ்செல்வியின் படகும் சமப் புள்ளி. இன்று முந்தும் படகைத்தான் கிளப் மார்ச் கடைசியில் மாநிலப் போட்டிக்கு அனுப்பும். சுக்கான் பிடிப்பது ப்ரஹ்லாத். முன்பாய்க் கயிறு என் கையில். பந்தயப் பாதையைக் காட்டும் மிதவைகளில் மூன்றாவதில் காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டும். ப்ரஹ்லாத் மிகவும் ஒட்டித் திருப்பினான். நான் வெளியே மல்லாந்து சாய்ந்திருந்தேன். அந்த ஆரஞ்சு உருளை என் முதுகில் உரசிக்கொண்டு போயிற்று.

படகு மட்டுமல்ல, படகில் இருப்பவர் உடம்பு பட்டாலும் பட்டதுதான். பட்டால் உடனே ஒதுங்கி, படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும். ஏரியில் நடுவர் கிடையாது. தப்புச் செய்தவரே சுற்ற வேண்டும். இந்த விளையாட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

ப்ரஹ்லாத் தாழ்ந்த குரலில் கேட்டான், "பட்டுதா?" நான் பதில் சொல்லவில்லை. அவனும் இரண்டாம் முறை கேட்கவில்லை. "கயித்த இழு, இழு."

பின்னால் இருந்து தமிழ்செல்வி "ப்ரொடெஸ்ட்!" என்று கத்தினாள். அவள் படகில் புகாருக்கான சிவப்புக் கொடி ஏறியது. ஒன்றரைப் படகு நீளத்தில் ஜெயித்தோம். ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் தோற்றிருப்போம்.

விசாரணையில் அவள் நின்றுகொண்டே பேசினாள். நாற்காலி இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா முதுகுல பட்டுச்சு சார். மிதவ ஆடுச்சு. நான் பின்னாடி ரெண்டு படகு தூரத்துலதான் வந்துகினு இருந்தேன்."

"காத்தடிச்சா மிதவை ஆடாதாம்மா?" என்றார் கேப்டன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். ப்ரொடெஸ்ட் தள்ளுபடி.

அவளைவிட நான் நாலு மாதம் இளையவள். என் உறுப்பினர் அட்டைக்குத்தான் அவள் அக்கா என்கிறாள்.


பிப்ரவரி 10, திங்கள்

பந்தயம் முடிந்ததும் கிளப்பில் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம். "விதிப்படி ஓட்டினோம்." படகில் இருந்த இருவரும் போட வேண்டும். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் யாராவது ஒருவர் நேரில் வந்து தன் கையெழுத்தை அடித்துவிட்டால் படகு பந்தயத்திலிருந்து விலகியதாகக் கணக்கு. காரணம்கூடக் கேட்க மாட்டார்கள்.

நான் வேலை பார்க்கும் சோதனை லேபில் பகல் முழுக்க வார்ப்பிரும்புத் துண்டுகளை உடைத்து உடைத்து எந்த எடையில் உடைந்தது என்று எண் குறித்தேன். கேப்டனிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே வந்தன.

நாலரைக்குப் புதுவாயல் கூட்டு ரோட்டில் நின்றேன். கிளப் இருக்கும் பழவேற்காட்டுக்குப் போகும் பஸ் வந்தது. கூட்டம் இல்லை. ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. கண்டக்டர், "ஏறும்மா, இன்னா யோசன?" என்றார்.

ஏறவில்லை.

அடுத்த பஸ்ஸுக்காக நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அதுவும் வந்தது, போயிற்று. ஆறு மணிக்குப் பொன்னேரியில் என் அறையில் இருந்தேன்.


பிப்ரவரி 12, புதன்

முதுகில் சிவப்பு மறைந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக!


பிப்ரவரி 16, ஞாயிறு

பந்தயம் இல்லை. ஆனாலும் எல்லோரும் நாஷ்டாவுக்கு வந்திருந்தார்கள். இட்லி, வடைகறி, ஏரிக்காற்று, பிறர் பேச்சு. இதற்குத்தான் பாதிப் பேர் உறுப்பினர்கள்.

வீரராகவன் சார் – ஏதோ கெமிக்கல் கம்பெனியில் பெரிய பதவி, ஓட்டத் தெரியாத படகு ஒன்று வைத்திருக்கிறார் – ஆரம்பித்தார். "தாவீது பொண்ணுக்குப் பருந்துக் கண்ணுய்யா. ரெண்டு படகு தூரத்துல முதுகு தெரியுதாம்."

"முதுகத்தானே பாத்துக்கினு வந்துச்சு, பின்னாடி இருந்து," என்றார் இன்னொருவர். மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேனா? உதடு அசைந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாவீது அண்ணன் கிளப்பின் படகுகளைப் பார்த்துக்கொள்பவர். பதினாறு வருஷமாக. அவர் மகள் உறுப்பினர் அல்ல. கேப்டன் அனுமதியில் ஓட்டுகிறாள். அவளோடு ஓட்டும் அன்புசெல்வன் சிப்காட்டில் ஃபிட்டர், அவனும் அப்படித்தான். போன வருஷம் கிளப்பின் ஆண்டு மலரில் அவர்கள் படம் முழுப்பக்கத்துக்கு வந்தது: "ஏரிக்கரையின் பிள்ளைகள், எங்கள் பெருமை."

இன்று கமிட்டி முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். ஆதாரமில்லாமல் ஒரு உறுப்பினர்மீது புகார் சொன்னதற்காகத் தமிழ்செல்வி எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதுவரை அனுமதி நிறுத்தம்.

படகுக் கொட்டகையின் பின்னால் குரல் கேட்டது.

"ஒரு கையெழுத்து தானேம்மா. போட்டுட்டுப் போ."

"பொய் சொன்னேன்னு எழுதச் சொல்றியா நைனா?"

"வருத்தம்னுதானே போட்டிருக்கு..."

"வருத்தம் எனக்கு இருக்குது. அவங்க கேக்கற வருத்தம் இல்ல."

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பத்து நிமிஷம் கழித்துத் தாவீது அண்ணன் ஆபீஸ் அறைக்குள் போனார். வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, "உங்க லைஃப் ஜாக்கெட் காஞ்சிடுச்சும்மா, மடிச்சு வச்சிருக்கேன்," என்றார்.

மகளுக்குப் பதில் அப்பா கையெழுத்துப் போட்டால் போதும் என்று கமிட்டி பெருந்தன்மை காட்டியிருக்கிறது.


பிப்ரவரி 18, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். "ஏண்டி, ஜெயிச்சியாமே! அப்பா மடப்பள்ளில எல்லார்ட்டயும் சொல்லிண்டிருக்கார். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

யார் சொன்னது என்று கேட்டேன். ப்ரஹ்லாத் போட்ட படத்தை யாரோ காட்டியிருக்கிறார்கள். கோப்பையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இருவரும்.

"நன்னா சிரிச்சிண்டிருக்கே," என்றாள் அம்மா.


பிப்ரவரி 23, ஞாயிறு

ப்ரஹ்லாதிடம் சொன்னேன். படகைக் கரையேற்றிய பிறகு, பாயை மடிக்கும்போது. எதிரெதிரே நின்று மடிக்க வேண்டியிருப்பதால் முகத்தைத் தவிர்க்க முடியாது.

"அன்னிக்குப் பட்டுது."

அவன் மடித்துக்கொண்டே இருந்தான். "அப்பவே நான் கேட்டேனே."

"கேட்ட. நான் சொல்லல."

"அப்ப இது உன் பிரச்சினை கோதா. எனக்குத் தெரியாம ஜெயிச்சேன். இப்ப சொல்லி என்னையும் ஏன் இழுக்கற?"

"அவளுக்கு ஏப்ரல் ரெண்டோட இருபத்துமூணு முடியுது. அதுக்கப்புறம் இந்தப் பிரிவுல ஓட்ட முடியாது. மாநிலத்துல முதல் அஞ்சுல வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு அப்ளை பண்ணலாம்னு இருந்தா. உனக்கு அடுத்த வருஷமும் இருக்கு."

"நான் என்ன, வயசு பாத்தா பொறந்தேன்?" பாயைப் பைக்குள் திணித்தான். பிறகு கொஞ்சம் இறங்கி, "நீ ரொம்ப யோசிக்கற. நிறைய படிச்சு நிறைய யோசிக்கற. இது ஒரு கேம். விடு."

என்னைக் கோபப்படுத்தியது அவன் பொய் சொல்லாததுதான். அவனுக்குத் தெரியாது என்பது உண்மை. தெரிந்துகொள்ளாமல் இருக்க அவனுக்கு என் மௌனம் தேவைப்பட்டது, நான் கொடுத்தேன். ஏன்? இந்தக் கேள்வியை இரண்டு வாரமாகத் தள்ளிப்போடுகிறேன். ஜெயிக்க ஆசையா? அதுவும்தான். ஆனால் விசாரணை அறையில் இருந்த கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் என்னை "நம்ம பொண்ணு" என்பதுபோல் பார்த்தார்கள். அந்தப் பார்வையை இழக்கப் பிடிக்கவில்லை. அவ்வளவு அற்பம்.


பிப்ரவரி 25, செவ்வாய்

கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். நாலாவது முறை திருத்தி எழுதியபோதுதான் என்னைப் பற்றிய விளக்கங்களெல்லாம் உதிர்ந்து போயின. மிதவை என் முதுகில் பட்டது. விசாரணையில் தெரியாது என்றது பொய். தமிழ்செல்வி சொன்னது முழுக்க உண்மை. அவள் படகுதான் மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும்.

மதிய இடைவேளையில் ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். மதியம் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.


மார்ச் 2, ஞாயிறு

கேப்டன் கூப்பிட்டார். கடிதம் மேசைமேல் கண்ணாடிக்கடியில் இருந்தது.

"கோதா, ஐயாம் ப்ரவுட் ஆஃப் யூ."

எனக்குப் புரியவில்லை.

"முப்பது வருஷமா படகு ஓட்டறேன். இப்படி ஒரு லெட்டர் பாத்ததில்ல. என் கண்ணே கலங்கிடுத்து."

"அப்ப தமிழ்செல்வி போறாளா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது எப்படிம்மா முடியும்? ஆறு மணி கெடு தாண்டியாச்சு. பேர் அனுப்பிச்சாச்சு. ரூல்னா ரூல். நீயே ரூல் மதிக்கற பொண்ணு, உனக்கே தெரியும்."

"அவ அப்பா எழுதிக் கொடுத்த மன்னிப்பு?"

"அது ஃபைல்ல இருக்கு. யார் பாக்கப்போறா?"

நான் போட்டிக்குப் போகவில்லை என்றேன். "உன் இஷ்டம்," என்றார் உடனே. என் இடத்துக்கு ஸ்ரீராமன் வருவானாம். ஸ்ரீராமன் வீரராகவன் சாரின் தங்கை மகன். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள்.


மார்ச் 9, ஞாயிறு

ஆண்டு விழா. ஏரிக்கரையில் ஷாமியானா, மதியச் சாப்பாடு. போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

கிருஷ்ணஸ்வாமி சார் மைக்கில் என் கடிதத்தைப் படித்தார். முழுதுமல்ல. "மிதவை என் முதுகில் பட்டது" என்பதைப் படித்தார். "பொய்" என்பதைப் படித்து, நிறுத்தி, எல்லோரையும் பார்த்தார். தமிழ்செல்வி பெயர் வரும் இரண்டு வாக்கியங்களைப் படிக்கவில்லை. "இந்த நேர்மைதான் நம்ம கிளப்," என்று முடித்தார்.

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். வீரராகவன் சார்தான் முதலில் எழுந்தது. ஒரு பித்தளைப் படகு கொடுத்தார்கள். அடியில் என் பெயர். பெயர் பொறிக்கக் குறைந்தது நாலு நாள் ஆகும். ஆக, இது திடீர் உணர்ச்சி இல்லை, திட்டம்.

நான் மைக்கை வாங்கி அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன். "தேங்க்ஸ்" என்று வந்தது.

தாவீது அண்ணன் கடைசி வரிசையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் கை தட்டினார்.

எத்தனையோ நாவல்கள் படித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை கிடைக்கும், அல்லது விடுதலை கிடைக்கும். பரிசு கொடுத்து வாயை அடைப்பது எந்தப் புத்தகத்திலும் எனக்குத் தட்டுப்படவில்லை.


மார்ச் 11, செவ்வாய்

வேலை முடிந்து தமிழ்செல்வி வீட்டுக்குப் போனேன். வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. நான் நின்றேன்.

"சேர் வோணுமா?" என்றாள்.

"வேண்டாம்."

சொன்னேன். பஸ் ஸ்டாப், ஆறு மணி, கடிதம், விழா, படிக்காமல் விட்ட வாக்கியங்கள். குறுக்கே பேசாமல் கேட்டாள். விரல்கள் மட்டும் முடிச்சு முடிச்சாக நகர்ந்துகொண்டிருந்தன.

"முடிச்சிட்டியா கோதா?"

"ம்."

"இப்ப நான் இன்னா பண்ணணும்? பரவால்லன்னு சொல்லணுமா?"

"இல்ல... அப்படி இல்ல..."

"அப்படித்தான் நிக்கற. நீ சொல்லிட்ட, உனக்கு எறங்கிடுச்சு. ஊட்டுக்குப் போயி தூங்குவ. எங்க நைனா எழுதிக் குடுத்தாரே, அத எவன் திருப்பித் தருவான்?"

"நான் கேட்டேன். ஃபைல்ல இருக்குன்னாங்க."

"கேட்டியாமே. பித்தளைப் படகு வாங்கறப்ப கேட்டியா?"



அவள் வலையைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்கு நீ தெரியலன்னு சொன்னப்பகூட எனக்குப் பேஜாரா இல்ல. பயந்துட்டான்னு நெனச்சேன். நாளைக்கு வந்து அடிச்சிடும்னு நெனச்சேன். மறாநாள் கிளப்புலதான் உக்காந்துகினு இருந்தேன். ஆறு மணி வரிக்கும்."

அடுத்த முடிச்சை எடுத்தாள். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்கச் சொன்னாள். அதுகூடக் கோபமாக இல்லை.


மார்ச் 14, வெள்ளி

உறுப்பினர் பதவியை விட்டு விலகுவதாக எழுதினேன். கேப்டனிடமிருந்து பதில் உடனே வந்தது: "உன் மாதிரி ஆட்கள்தான் கமிட்டியில் இருக்கணும். யோசி." கூப்பிய கை படம்.

யோசிக்கவில்லை. அன்புசெல்வனுக்குப் போன் செய்து, தாவீது அண்ணன் கையெழுத்திட்ட தாளின் நகல் கிடைக்குமா என்று கேட்டேன். "இன்னாத்துக்குக்கா? அவரு வேல போயிடும். சும்மா இருங்க," என்றான்.

சும்மா இருக்கிறேன். அது எனக்கு வரும்.


ஏப்ரல் 6, ஞாயிறு

மாநிலப் போட்டி போன வாரம் முடிந்தது. ப்ரஹ்லாதும் ஸ்ரீராமனும் பத்தொன்பது படகுகளில் பதினேழாவது. இரண்டு பந்தயங்களில் படகு கவிழ்ந்ததாம். "செம எக்ஸ்பீரியன்ஸ்," என்று ப்ரஹ்லாத் போட்டிருக்கிறான்.

தமிழ்செல்விக்குப் புதன்கிழமையோடு இருபத்துமூன்று முடிந்தது. மறுநாள் கும்மிடிப்பூண்டியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில், பேக்கிங் பிரிவில், கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறாள். அன்புசெல்வன் சொன்னான். கிளப் பந்தயங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். அவளுக்கு ஞாயிறு வேலை நாள். லீவு செவ்வாய்.