ஏலந்துறை நடைவழியில் வெள்ளம் புகுந்தது குறித்து அரசி எயினங்கோதை விடுத்த ஓலை

வளம் ஓங்குக. தண்பொழில் நாட்டின் செங்கோல் ஏந்தி, ஆம்பலாற்றின் இருகரையும் காக்கக் கடமைப்பட்ட அரசி எயினங்கோதை, ஏலந்துறையிலிருந்து எழுதுவது. எம் தந்தையார் காலந்தொட்டு அரியணைக்கு அருந்துணையாய் நிற்கும் பேரமைச்சர் அழிசிநம்பியார் காண்க. தலைநகரும் அதன் மாந்தரும் நலமே வாழ்க. உம் இல்லத்து விளக்கு அணையாதிருப்பதாக. யாம் உயிரோடு இருக்கிறோம். வேறு செய்தி ஏதும் இவ்வோலைக்கு முந்தி வந்திருக்குமோ என்று அஞ்சியே இதை முதலில் எழுதுகிறோம்.

ஏலந்துறை ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் ஊர். எம் பாட்டனார் காலத்துப் பெருவெள்ளத்துக்குப் பின், அவ்வூரார் கரையோர வீடுகளின் ஆற்றுப்பக்க வாயில்களை அடைத்து, வீட்டோடு வீடு ஒட்டிய நெடுஞ்சுவராக்கி, தெருவை நோக்கியே வாழ்ந்து வந்தனர். முட்செடி மண்டிய அக்கரையைத் திருத்தி, அயலூராரும் வழிப்போக்கரும் உலாவி மகிழும் நடைவழி அமைத்தால், வணிகம் குன்றிய அச்சிற்றூர் மீண்டும் தழைக்கும் என்று நீர் உரைத்தீர், யாமும் இசைந்தோம். கல் பாவினோம். புன்னையும் மகிழும் நட்டோம். வெறுஞ்சுவருக்குச் சுண்ணம் பூசி, மீனும் நாரையும் எழுதுவித்து, அழகு செய்துவிட்டதாக மகிழ்ந்தோம்.

நேற்று நடைவழியைத் திறந்து வைத்தோம். அயலூரார் வண்டி கட்டி வந்து குவிந்தனர். ஏலந்துறையாரில் ஒருவரும் கரைக்கு வரவில்லை. காரணம் வினவியபோது, அவரவர்க்கு வீட்டில் வேலை இருப்பதாக ஊர்த்தலைவர் தலைகுனிந்து விடை பகர்ந்தார். யாம் நகைத்துவிட்டு நடந்தோம்.

வானில் முகிலே இல்லை. நடைவழியின் நடுவே நின்று சுவரோவியம் ஒன்றை நோக்கிக்கொண்டிருந்தபோது, எங்கோ நிலம் முனகுவதுபோல ஓர் ஓசை எழுந்தது. ஆற்று நீர் சட்டெனச் சிவந்தது. மேற்கு மலையில் பெய்த மழையை எமக்கு அறிவிக்க ஆளில்லை; அறிவித்தது வெள்ளமே. நடைவழியின் இரு முனைகளிலன்றி வெளியேற வழி வைத்தோமில்லை; தாழ்ந்து கிடந்த அம்முனைகளே முதலில் மூழ்கின. முன்னே ஆறு, பின்னே சுவர், நடுவே குழந்தைகளோடு நூற்றுக்கணக்கானோர்.

அமைச்சரே, போர்க்களத்தில் யானைமேல் அமர்ந்தவர் யாம். ஆயினும் நேற்று யாம் ஆணை ஒன்றும் இடவில்லை.  மக்கள் அந்த ஓவியச் சுவரை நகத்தால் பிறாண்டினர், யாமும் பிறாண்டினோம். எம் மெய்காவலன் வில்லவன் மட்டும் நிலைகுலையாது, சிறுவரைத் தூக்கி, கரையில் முன்பே நின்ற முதுமரங்களின் கிளைகளில் ஏற்றிக்கொண்டிருந்தான். நீர் எம் இடுப்பைத் தொட்டது.

அப்போது சுவருக்குள்ளிருந்து இடிக்கும் ஒலி கேட்டது. சுவரும் எம்மேல் சரியப் போகிறது என்றே எண்ணினோம். கல் ஒன்று பெயர்ந்தது. அத்துளையில் கடப்பாரை முனையும், அதன்பின் ஒரு பெண்ணின் முகமும் தெரிந்தன. அவள் எண்ணெய் ஆட்டும் வீட்டு மாசாத்தி என்பது பின்னரே தெரிந்தது. இவர் அரசியார் என்று வில்லவன் கூவியதற்கு அவள், "யாரா இருந்தா என்ன, கையைக் குடு தாயி!" என்று அதட்டி எம்மை உள்ளே இழுத்தாள். சுவர் நெடுகிலும் அவ்வாறே வீட்டுக்கு வீடு துளைகள் திறந்தன; மக்கள் அவ்வழியே உள்ளே ஏறினர். தம் வீட்டுக்குள் வெள்ளம் புகும் என்று அறிந்தே அவ்வூரார் இடித்தனர்.

வில்லவன் வெளியே நின்று, கிளைகளில் இருந்த சிறுவரை ஒவ்வொருவராக இறக்கி உள்ளே தந்தான். கடைசிச் சிறுமியைத் தந்தபின் அவன் கையை யாமே பற்றினோம். பெருமரம் ஒன்று மிதந்து வந்து மோதியது. எம் கையில் அவன் கங்கணம் மட்டும் எஞ்சியது.

பொழுது சாயும் முன் நீர் வடிந்தது. பரண்மேல் அமர்ந்திருந்த மாசாத்தியிடம், காலையில் கரைக்கு வராதது ஏன் என்று கேட்டோம். "பயந்தான் தாயி. உள்ளுக்குள்ள இருந்தாலும் எங்க காது ஆத்துலதான் கெடக்கும்," என்றாள். எமக்கும் இப்போது அவ்வாறே. ஆறு அமைதியாக ஓடுகிறது. அவ்வமைதியே அச்சம் தருகிறது. 

ஆகவே ஆணையிடுகிறோம். தலைநகரில் ஏற்பாடான கொண்டாட்டங்கள் நிற்க. மலையடிவாரம் முதல் ஏலந்துறை வரை முரசுடன் காவலரை நிறுத்துக. உடைந்த சுவர்களை எவரும் அடைக்க வேண்டா. தச்சரை அனுப்பி, ஊரார் ஒப்பினால், அத்துளைகளில் கதவு பொருத்துக. மேட்டுக்கு ஏறும் படிகள் அமையும் வரை நடைவழியில் அயலார் எவரும் கால்வையாதிருக்கக் காவல் இடுக. படகுகள் யாவும் வில்லவனைத் தேடக் கீழாற்றுக்குச் செல்க.

இன்னும் ஒன்று. அவன் தாய் நம் அரண்மனைப் பூந்தோட்டத்தில் பணிபுரிபவள். அவளிடம் எவரும் வாய் திறத்தல் ஆகாது. யாமே வந்து சொல்வோம். வெள்ளத்துக்கு அஞ்சியதினும் அவள் முகத்துக்கு அஞ்சுகிறோம், ஆயினும் வருவோம்.

இவை எம் கையால் எழுதி, ஆம்பல் முத்திரை இட்டோம். ஓலை கண்ட பொழுதே ஆணை நடப்பதாக.